போய்ட்டு வர்றேனுங்க

ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்னத் திரை 'பீப்' என்றது. பின்னால் வண்டி வருகிறது என்று அர்த்தம்.

நஞ்சுண்டன் ரோட்டின் வலது ஓரத்துக்கு ஒதுங்கினான். "மரகதம், கார்!" என்று குரல் கொடுத்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் மனைவியும் ஒதுங்கினாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள்.

கார் வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். டெக்சஸின் மலைக்கிராமத்து ரோடு, சுண்ணாம்புக் கல் மதில்களுக்கு நடுவே, சாயங்கால வெயிலில் நீளமாக, வெறுமையாகக் கிடந்தது. அவனுடைய சீட்டுக்கு அடியில் சிவப்பு லைட்டோடு சேர்ந்து ஒரு ரேடார் உண்டு. பின்னால் எது நெருங்கினாலும் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி அடியில் முளைத்து மேலே ஏறும். தாண்டிப் போனதும் மறைந்துவிடும். இப்போது முளைத்த புள்ளி அடியிலேயே நின்றது. ஏறவும் இல்லை. மறையவும் இல்லை.

"என்னாச்சுங் மாமா?"

"ஒண்ணுமில்ல. ரேடார்ல என்னமோ காட்டுது. ரோட்டுல ஒண்ணையும் காணோம்."

"உங்க மிஷினுக்கும் உங்களை மாதிரியே சந்தேகப் புத்தி." மரகதம் சிரித்துக்கொண்டே மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். "போலாம் வாங்க. ஓவியாகிட்ட இருட்டறதுக்குள்ள வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவன் மிதித்தான். தூரத்தில் எங்கேயோ மான் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் டுப் என்று கேட்டு, குன்றுகளுக்கு நடுவே உருண்டு அடங்கியது. செடார் மரங்களின் காரமான பிசின் வாசனை, பகலெல்லாம் காய்ந்த புல்லின் வாசனை, அதற்கும் அடியில் எங்கேயோ விறகு எரியும் வாசனை. சைக்கிள் சங்கிலியின் மெல்லிய சரசரப்பைத் தவிர ரோட்டில் வேறு சத்தமே இல்லை. ஓக் மரங்களின் நிழல் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க வேலி வரைக்கும் நீண்டு கிடந்தது. அந்த நிழலுக்குள் நுழைந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் வெயில் கொஞ்சம் மங்கியிருந்ததுபோல அவனுக்குத் தோன்றியது.

வெயில் விஷயத்தில் தப்பு அவனுடையதுதான். நேற்று ராத்திரியோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் நடப்பதுதான். போன் தானாக மாறிக்கொண்டது. நஞ்சுண்டனின் கணக்கு மாறவில்லை. ஆஸ்டினில் மதியம் சாப்பிட்டு, மகள் ஓவியாவைப் பக்கத்து வீட்டு சண்முகப்ரியா ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, கார் மேல் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு லிண்டன்டால் வந்து சேரும்போதே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

லிண்டன்டால் பெயருக்கு ஏற்ற ஜெர்மன் கிராமம். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கட்டியது. கல்லில் கட்டின ஒரு சர்ச், ஒரு நடன மண்டபம், ஒரு சாசேஜ் கடை, கொஞ்சம் வீடுகள். அதைச் சுற்றிச் சைக்கிள்காரர்களுக்கென்றே பின்னிவைத்த மாதிரி ஆளில்லாத ரோடுகள். ஹூஸ்டனில் வளர்ந்த ஆபீஸ் நண்பன் சபரிநாதன்தான் இந்த ரூட்டை அனுப்பினான். "சர்ச்சுல ஆரம்பிச்சு சர்ச்சுலயே முடியும்ண்ணா. ஈஸி லூப். அண்ணிக்கும் சரியா இருக்கும்."

ஈஸிதான். மரகதத்தின் பாட்டிலில் தண்ணீர் தீரும்வரை.

தண்ணீர் தீர்ந்தது ஓடைக்குப் பக்கத்தில். அங்கே ரோடே ஓடைக்குள் இறங்கி, கணுக்கால் ஆழத் தண்ணீரைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஏறும். ஏறினவுடன் மாடு தாண்டாமலிருக்க ரோட்டின் குறுக்கே பதித்த இரும்புக் குழாய்கள். அதன் மேல் சைக்கிள் போனால் கடகடவென்று பல்லெல்லாம் ஆடும். அதைத் தாண்டி இடது பக்கம் ஒரு கேட், ஒரு கல் வீடு. வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். உயரம், பனைமரம் மாதிரி நிமிர்ந்த முதுகு, இடுப்பில் முரட்டுத் துணியில் வெள்ளை ஏப்ரன். கை இரண்டும் ஈரம். அப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள் போல.

தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர், இரும்பு ருசி. கிளம்பும்போது மரகதம் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள். கோபிச்செட்டிபாளையத்தில் சொல்வதை இங்கிலீஷில் சொன்னாள். அவ்வளவுதான்.

"தேங்க்யூ மேடம். ஐ வில் கோ அண்ட் கம்."

அந்த அம்மா கை துடைப்பதை நிறுத்தினாள். "வருவாயா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். கெட்டியான, ஒவ்வொரு எழுத்தையும் கடித்துப் பேசும் இங்கிலீஷ்.

"யெஸ் யெஸ். ஐ வில் கம்."

"இருட்டுவதற்குள்?"

மரகதம் தலையை ஆட்டினாள். நம் ஊர் ஆட்டல். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"நல்லது. உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்" என்றாள் அந்த அம்மா.

கேட்டைத் தாண்டினதும் நஞ்சுண்டன் அடக்க முடியாமல் சிரித்தான். "அம்மிணி, அந்தம்மா நெசமாலுமே சோறாக்கி வெச்சுப்புட்டுக் காத்திருக்கப் போகுது பாரு."

"வெச்சா வெக்கட்டும். இன்னைக்கு ராத்திரி நீங்க ஆக்குற உப்புமாவத் திங்க வேண்டியதில்ல."

அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில்தான் ரேடார் 'பீப்' என்றது.

இப்போது ரோடு வளைந்தது. ரூட்படி இந்த வளைவு தாண்டியதும் ஒரு முச்சந்தி வரவேண்டும். அங்கே இடதுபக்கம் திரும்பி ஒரு மேடு ஏறினால் சர்ச்சின் கூம்பு தெரியும். திரையில் இருந்த ஊதாக் கோடும் அதைத்தான் காட்டியது.

வளைவு தாண்டியதும் ரோடு இறங்கியது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஓடை.

"இன்னொரு ஓடையா?" என்றான் நஞ்சுண்டன். "சபரி சொல்லவே இல்லியே."

மரகதம் நிற்காமல் மிதித்தாள். தண்ணீரைக் கடந்தாள். ஏறினாள். இரும்புக் குழாய்கள் கடகடவென்று ஆடின. இடது பக்கம் கேட். கல் வீடு. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு. அந்த அம்மா வாசற்படியை விட்டு இறங்கி, பாதையில் நின்றிருந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மரகதம் கையசைத்தாள். பழக்கதோஷம்.

"அசைக்காத" என்றான் நஞ்சுண்டன். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மரியாதைக்குத்தானுங்க."

"முச்சந்தியை எங்கியோ விட்டுட்டோம். மிதி. வேகமா மிதி."

பீப்.

புள்ளி இப்போது அடியில் இல்லை. திரையில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். ரோடு, மதில், மரம், நிழல். அவ்வளவுதான். ஆனால் விறகுப் புகை வாசனையோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வினிகரில் வெந்த முட்டைக்கோஸ், உருகும் பன்றிக் கொழுப்பு, சூடான ரொட்டி. பின்னால் விட்டுவந்த வீட்டின் சமையல் வாசனை, எதிர்க்காற்றில், முன்னாலிருந்து வந்தது.

வழியில் முச்சந்தி இல்லை. இருபுறமும் மதில்தான். ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை. அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு சந்து, ஒரு கேட், மண்பாதை ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வானத்தில் மட்டும் வெளிச்சம் மிச்சம்.

வளைவு.

இறக்கம்.

தண்ணீர்ச் சத்தம்.

ஓடைக்கு இந்தப் பக்கமே அவன் பிரேக் பிடித்தான். "நில்லு!" என்று கத்தினான். மரகதமும் நின்று காலை ஊன்றினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. விருந்துக்கு நேரமாகிவிட்டவளின் அவசரம்தான் இருந்தது.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒரு எட்டு உள்ள போயி தலையைக் காட்டிப்புட்டு வந்தர்லாம். வர்றேன்னு சொல்லியாச்சு. பாவம், தட்டு வெச்சுட்டுக் காத்திருக்காங்க."

"தட்டு வெச்சிருக்காங்கன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியுதுங்களே." ஓடைக்கு அப்பால் இருந்த திறந்த கதவைக் கையால் காட்டினாள். "மேசை தெரியுது. எல்லாரும் உக்காந்தாச்சு. என்ற எடம் மட்டும் காலி."

நஞ்சுண்டன் பார்த்தான். கதவுக்குள் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மேசை இல்லை. ஆட்கள் இல்லை. அந்த அம்மா பாதையில் இன்னும் நெருங்கி, கேட்டுக்குப் பாதி தூரத்தில் நின்றாள். கையில் ஒரு வெள்ளைத் தட்டு.

போனை எடுத்தான். சிக்னல் ஒரே ஒரு கோடு. சபரிநாதனைக் கூப்பிட்டான். மணி அடித்ததும் சபரி எடுத்தான்.

"அண்ணா! ரைடு முடிஞ்சுதா?"

"சபரி, ஓடை தாண்டி ஒரு வீடு இருக்கே. ஒரு அம்மா..."

"ஓ, அந்த ஏப்ரன் லேடியா? ஸ்வீட் லேடிண்ணா. எங்களுக்கும் வாட்டர் குடுத்தாங்க."

"அப்புறம்? அப்புறம் என்னாச்சு?"

"என்னாச்சுன்னா? பை சொல்லிட்டு வந்துட்டோம். திரும்ப வருவியான்னு கேட்டாங்க. நோ மேம், நாங்க ரொம்ப தூரம்னேன். கொஞ்சம் டிஸப்பாயிண்ட் ஆனாங்க. அவ்ளோதான். ஏண்ணா, உங்க வாய்ஸ் ஏன் இப்படி..."

லைன் அறுந்தது.

நஞ்சுண்டன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பை சொன்னவன் வீடு போய்ச் சேர்ந்தான். வர மாட்டேன் என்றவன் போய்ச் சேர்ந்தான்.

இவள் வர்றேன் என்றாள்.

"மரகதம், இங்க பாரு. என்னைப் பாரு." அவள் தோள்களைப் பிடித்தான். "இப்ப அந்த கேட்டைத் தாண்டறப்ப நீ ஒண்ணு சொல்லணும். வரலைன்னு சொல்லணும். நான் போறேன்னு சொல்லணும். அவ்வளவுதான். சொல்லிட்டா வழி விட்டுரும்."

மரகதத்தின் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "என்னங் பேசறீங்க? வெளக்கு வெக்கிற நேரத்துல போறேன்னு சொல்லச் சொல்றீங்க?"

"சொல்லித்தான் ஆகணும்."

"என்ற வாயில வராதுங்க."

வராது. அவனுக்கும் தெரியும். கோபியில் அரிசி மில் வைத்திருந்த அவள் அப்பா, ஒருநாள் காலை, அம்மாவோடு ஏதோ அற்பச் சண்டையில், "நீங்களே நல்லா இருங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். வாழ்நாளில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். வாய்க்கால் ரோட்டில் லாரி. மரகதம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவள் வீட்டில் கிடையாது. ஓவியா ஸ்கூலுக்குக் கிளம்பும்போது "பை மாம்" என்றால், "போய்ட்டு வர்றேன்னு சொல்லு கண்ணு" என்று வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். பார்சல் கொண்டுவந்து போடுகிறவனைக்கூட "போய்ட்டு வாங்க" என்றுதான் அனுப்புவாள். அவன் ஒன்றும் புரியாமல் விழிப்பான்.

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்." அவன் சைக்கிளைத் திருப்பி, ஓடைக்கு அப்பால் பார்த்து இங்கிலீஷில் கத்தினான். "அவள் வரவில்லை! நாங்கள் போகிறோம்! எங்களை விட்டுவிடுங்கள்!"

குன்றில் பட்டு அவன் குரல் திரும்பி வந்தது. அந்த அம்மா அசையவில்லை. சத்தம் போடாமல்தான் பேசினாள். ஆனால் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.

"வருகிறேன் என்று சொன்னது நீயல்ல."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மரகதம் அவன் பிடியிலிருந்து நழுவி சைக்கிளின் மேல் ஏறிக்கொண்டாள். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான்.

"விடுங் மாமா. நேரமாச்சு."

"சொல்லுடி!" கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை 'டி' போட்டதில்லை. "சொல்லித் தொலை! ஒரே வார்த்தை!"

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சைக்கிளை முன்னால் இழுத்தாள். அவளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் சைக்கிள் நகர்ந்தது. அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடையை நோக்கி நகர்ந்தது. ஷூவுக்குள் குளிர்ந்த தண்ணீர் நுழைந்தது.

அப்போதுதான் அவன் பையிலிருந்த போன் அடித்தது. ஓவியா. ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா? வேர் ஆர் யூ கைஸ்? இட்ஸ் கெட்டிங் டார்க்."

"கண்ணு, அம்மாகிட்ட பேசு. பேசிட்டே இரு."

"அம்மா? யூ செட் யூ வில் பி ஹோம் பிஃபோர் டார்க். ஆர் யூ கமிங் ஆர் நாட்?"

சைக்கிள் நின்றது. மரகதம் தண்ணீருக்கு நடுவே நின்று போனைப் பார்த்தாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் சுற்றிலும் பார்த்தாள். ஓடை. இருட்டு. கணவனின் முகம். அவள் பற்கள் தந்தியடித்தன.

"வர்றேன் கண்ணு" என்றாள். "அம்மா வர்றேன்."

"ப்ராமிஸ்?"

பதில் போகுமுன் சிக்னல் போய்விட்டது.

"கேட்டியா?" நஞ்சுண்டன் கெஞ்சினான். "அவளுக்கும் வர்றேன்னுதான் சொல்லியிருக்க. ரெண்டு எடத்துக்கும் போக முடியாது மரகதம். ஒண்ணை நீ முறிச்சுத்தான் ஆகணும். உங்கப்பாவுக்கு நடந்தது வெறும் ஆக்ஸிடென்ட். வார்த்தைல ஒண்ணுமில்ல. எம் பேச்சைக் கேளு. சாமி, உன் கால்ல வேணாலும் விழறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையசைத்தாள். இம்முறை நேராக, மேலும் கீழுமாக.

தண்ணீரை விட்டு ஏறினார்கள். இரும்புக் குழாய்கள். கடகடகட.

அந்த அம்மா கேட்டிலேயே நின்றிருந்தாள். கேட் திறந்திருந்தது. கையில் தட்டு இல்லை. கை துடைக்க ஒரு துண்டை விரித்துப் பிடித்திருந்தாள், விருந்தாளிக்கு. விரல்களிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் காலடியில் மண்ணைக் கருப்பாக்கியிருந்தது. உள்ளே வீட்டில் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம். ஒன்றல்ல. நிறைய. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

பீப். பீப். பீப்.

புள்ளி திரையின் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

"சொல்லு" என்றான்.

மரகதம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். வாய் திறந்து மூடியது. தொண்டையிலிருந்து எதையோ வாந்தியெடுக்கிறவள்போல் குனிந்தாள்.

"நான்..."

"சொல்லு!"

"நான் போறேனுங்க."

தமிழில்தான் வந்தது. வேறு மொழியில் வர வாய்ப்பில்லை. சொல்லி முடித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

துண்டு தாழ்ந்தது. அந்த அம்மா நஞ்சுண்டனைப் பார்த்தாள். அவள் கண்களில் கோபம் இல்லை. "என்ன சொன்னாள்?"

"போகிறாள்" என்றான் அவன் இங்கிலீஷில், அவசர அவசரமாக. "அவள் போகிறாள். வர மாட்டாள்."

"போகிறாள். வர மாட்டாள்." ஒவ்வொரு எழுத்தாகக் கடித்து அவள் திருப்பிச் சொன்னாள். "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக! வரவே மாட்டாள்!"

"சரி. இங்கே ஒருவர் சொன்னால் சொன்னதுதான்" என்றாள். துண்டை நான்காக மடித்தாள். கேட்டைச் சாத்தினாள். நடந்து போய், கதவையும் சாத்தினாள். மஞ்சள் வெளிச்சம் அணைந்தது.

திரையைப் பார்த்தான். புள்ளி இல்லை. ரோடு சுத்தம்.

"அம்மிணி, வா. வா வா. மிதி."

இருவரும் அருகருகே மிதித்தார்கள். வளைவு வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வளைவு தாண்டியதும் ரோடு இறங்கவில்லை. முச்சந்தி! பச்சைப் பலகை! லிண்டன்டால் என்று அம்புக்குறி! அவனுக்கு வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. இடது பக்கம் திரும்பினார்கள். கடைசி மேடு. மரகதம் களைத்திருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஏற்றத்தில் அவள் தடுமாறும்போது எப்போதும் செய்வதைச் செய்தான். ஒரு கையால் தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளினான். பனியன் வியர்வையில் நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ள சூடு. அந்தச் சூட்டுக்காக எதையும் கொடுக்கலாம் என்று நினைத்தான்.

"முடிஞ்சுது அம்மிணி. அவ்வளவுதான். கார்ல ஹீட்டரைப் போட்டுட்டு நேரா வீடு."

"ம்."

"வழியில ஓவியாவுக்கு பீட்ஸா வாங்கிக்கலாம். இன்னைக்கு நீ ஒண்ணும் ஆக்க வேண்டாம்."

"ம்."

"உன்னை 'டி' போட்டுட்டேன். கோவமா?"

அதற்கு பதில் இல்லை. களைப்பு. இருட்டு நன்றாக இறங்கிவிட்டது. அவன் ஹேண்டில்பார் லைட் ரோட்டில் விட்ட சின்ன வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தான். உள்ளங்கையில் அவள் முதுகு. அதைத் தள்ளுவது இப்போது சுலபமாக இருந்தது. நல்ல சுலபமாக. கொஞ்ச நேரம் முன்புவரை தோள் வலித்தது. இப்போது வலிக்கவில்லை.

அவள் மூச்சு சீராகிவிட்டது என்று நினைத்தான்.

காது கொடுத்தான்.

மூச்சே கேட்கவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும். இரண்டு சங்கிலிகள்.

மேட்டின் உச்சி. சர்ச்சின் கூம்பு. அதற்குக் கீழே கிராமத்தின் முதல் தெருவிளக்கு, ரோட்டில் வட்டமாக வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதற்குள் நுழைந்தார்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

மரகதத்தின் சைக்கிள் அவனுக்குப் பக்கத்தில், அவன் வேகத்திலேயே, நேராக ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் யாரும் இல்லை. ஹேண்டில்பாரில் கை இல்லை. பெடல்களில் கொக்கி போட்டு மாட்டின அவளுடைய வெள்ளை ஷூக்கள் மட்டும் இருந்தன. பட்டை இறுக்கி ஒட்டியபடி. உள்ளே சாக்ஸ், கணுக்கால் உயரத்துக்கு, வாய் திறந்து, காலியாக. இடது ஷூ இறங்கியது. வலது ஷூ ஏறியது. இடது. வலது. இடது.

அவன் கை காற்றில் நீண்டிருந்தது. உள்ளங்கைக்கு அடியில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஈரமான பனியன் தட்டுப்பட்டது. அதற்கு அடியில் சூடு. இன்னும் கொஞ்சம் சூடு.

சர்ச் வந்தது. அவனுடைய கார் தனியாக நின்றிருந்தது. போன் மறுபடி அடித்தது. ஓவியா. அவன் எடுக்கவில்லை. எடுக்க ஒரு கை வேண்டும். ஒன்றில் ஹேண்டில்பார். இன்னொன்றை எடுத்தால் பக்கத்து சைக்கிள் விழுந்துவிடும்.

காரைத் தாண்டினான். சாசேஜ் கடையைத் தாண்டினான். கடைசித் தெருவிளக்கையும் தாண்டினான். "மிதி அம்மிணி, மிதி" என்று சொல்லிக்கொண்டே, ஆறிக்கொண்டிருந்த அந்த முதுகைத் தள்ளிக்கொண்டே, இருட்டுக்குள் மிதித்தான். பக்கத்தில் ஷூக்கள் சுற்றிக்கொண்டிருந்தன.